மறுபதிவு ரசீதைப் பார்த்தேன்

ஒரகடம்,
3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அக்கா எழுதுவது.  

நேற்று இரவு நீ அனுப்பிய மறுபதிவு ரசீதைப் பார்த்தேன். அதற்குக் கீழே நீ பேசி அனுப்பியதையும் கேட்டேன். "இரண்டாம் வருஷத்துக்குப் பணம் கட்டிட்டேன்கா. ஆனா ஒரு பேப்பர் போயிடுச்சு. இதெல்லாம் நமக்கு எதுக்குன்னு இருக்கு." மூன்று தடவை கேட்டேன். போனில் பதில் சொன்னால் கம்பெனி பஸ் இரைச்சலில் பாதி போய்விடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்துவிட்டு இதை உன் கணக்குப்பதிவியல் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்.

போன பேப்பரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இக்னோவில் ஒரு பேப்பர் போனதற்காக இரண்டாம் வருஷத்துக்குப் போகாதே என்று யாரும் தடுக்க மாட்டார்கள். நீதான் மறுபதிவே செய்துவிட்டாயே. போனதை டிசம்பரில் எழுதலாம், அப்போதும் முடியவில்லை என்றால் ஜூனில் எழுதலாம். ஆனால் போனது எது என்று சரியாகப் பார். தேர்வில் போச்சா, அசைன்மென்ட்டில் போச்சா? இரண்டிலும் தனித்தனியாக 35 வாங்க வேண்டும். மொத்தத்தில் அசைன்மென்ட்டுக்கு 30 பங்கு, தேர்வுக்கு 70 பங்கு. தேர்வில் 60 வாங்கியிருந்தாலும் அசைன்மென்ட் கொடுக்காவிட்டால் அந்தப் பாடம் முடிந்ததாகக் கணக்கில் வராது. எங்கள் காலத்தில் இது தெரியாமல் தேர்வை மட்டும் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தவர்கள் எத்தனையோ பேர்.

இன்னொன்று. மறுபதிவு வேறு, தேர்வு விண்ணப்பம் வேறு. மறுபதிவுக்குப் பணம் கட்டிய திருப்தியிலேயே இருந்துவிடாதே. டிசம்பர் தேர்வுக்குத் தனியாக விண்ணப்பம் போட வேண்டும், பேப்பருக்கு இவ்வளவு என்று தனியாகக் கட்ட வேண்டும். போன பேப்பரையும் அதில் மறக்காமல் சேர்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். இதை நான் உன்னிடமோ சித்தியிடமோ இதுவரை சொன்னதில்லை.

நான் 2011-ல் பி.ஏ. சேர்ந்தேன். 2017 ஜூனில்தான் கடைசிப் பேப்பர் எழுதினேன். மூன்று வருஷப் படிப்பை முடிக்க அப்போது ஆறு வருஷம் வரை விட்டிருந்தார்கள். அந்த ஆறையும் நான் முழுசாகச் செலவழித்தேன். ஊரில் எல்லோரும், வேலை பார்த்துக்கொண்டே படித்ததால் இழுத்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை, பாப்பா. முதல் வருஷத்தை நன்றாகத்தான் முடித்தேன். 2012-ல் இரண்டாம் வருஷத்துக்குப் பணம் கட்டினேன், உன்னைப் போலவே. புத்தகக் கட்டு தபாலில் வந்தது. அந்தக் கட்டை நான் பிரிக்கவே இல்லை. ஓ.டி., தீபாவளி, மாமா மகள் கல்யாணம், மறுபடி ஓ.டி. என்று இரண்டரை வருஷம் அது சுங்குவார்சத்திரம் வாடகை வீட்டில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது.

அந்த இரண்டரை வருஷத்தில் ஒருத்தர்கூட என்னை ஏன் படிக்கவில்லை என்று கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு நாள் போகாவிட்டால் டீச்சர் ஆள் அனுப்புவார். லைனுக்குப் பத்து நிமிஷம் பிந்தினால் சூப்பர்வைசர் போன் பண்ணுவார். கரஸில், அதாவது தபால்வழியில், படிக்கிறவள் நின்றுபோனால் எந்த மணியும் அடிக்காது. முதல் வருஷத்தில் புதுசு என்பதால் வீட்டிலும் கேட்பார்கள், ரூமிலும் கேட்பார்கள். இரண்டாம் வருஷத்தில் கேட்க ஆள் இல்லை. "என்ன படிக்கிற?" என்றால் "டிகிரி படிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கலாம், எதுவும் படிக்காமல். நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு விழிப்பு வந்தது 2014-ல். 2006-ல் தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை அந்த வருஷம் நவம்பர் முதல் தேதியோடு உற்பத்தியை நிறுத்தியது. எங்கள் வீட்டில் இருந்த இரண்டு அக்காமார் அங்கே வேலை பார்த்தவர்கள். கையில் ஆறு வருஷ அனுபவம், வேகமான கை, எந்தத் தப்பும் கண்ணில் படாமல் போகாது. ஆனால் வேறு இடத்தில் பயோடேட்டா கொடுக்கும்போது படிப்பு என்ற இடத்தில் பிளஸ் டூ என்று மட்டும்தான் எழுத முடிந்தது. பதினெட்டு வயசுப் பெண்கள் நிற்கிற அதே வரிசையில் அவர்களும் நின்றார்கள். ஒருநாள் இரவு அதில் ஒருத்தர் அரிசி டப்பாவை நகர்த்தினார், அந்தக் கட்டைப் பார்த்தார். "இதை ஏன்டி பிரிக்கல?" என்றார். இரண்டரை வருஷத்தில் என்னைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அன்றைக்கே பிரித்தேன்.

அதனால் உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். உன்னைக் கேட்க ஒரு ஆளை வைத்துக்கொள். நான் ஒருத்தி இருக்கிறேன், போதாது. பக்கத்தில் ஒருத்தி வேண்டும். நீ இருக்கிற வல்லம் வடகால் விடுதி 18,720 பெண்கள் தங்குவதற்காகக் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தது. அத்தனை பேரில் கரஸில் படிக்கிறவள் நீ ஒருத்தி மட்டும் இருக்க முடியாது. இக்னோவோ, சைதாப்பேட்டை திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ, சென்னைப் பல்கலைக்கழகமோ, எதில் படித்தாலும் பரவாயில்லை. பாடம்கூட ஒன்றாக இருக்க வேண்டாம். வாரத்துக்கு ஒருநாள் "எந்த யூனிட் முடிச்ச?" என்று நீ அவளைக் கேட்க வேண்டும், அவள் உன்னைக் கேட்க வேண்டும். மெஸ்ஸில் சாப்பிடும்போது கேட்டாலே போதும்.

அடுத்தது நேரம். நேரமே இல்லைக்கா என்கிறாய். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்று அவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆறு கிரெடிட் பாடம் என்றால் 180 மணி. ஆறு மாதத்துக்குப் பிரித்தால் ஒரு பாடத்துக்கு வாரம் ஏழு மணி வருகிறது. எண்ணைக் கேட்டதும் மலைத்துப் போகாதே. அசைன்மென்ட் எழுதுகிற நேரமும் அதற்குள்தான். ஆனால் பரீட்சைக்கு முந்தின பத்து நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்கிற கணக்கு இங்கே வராது என்பதை மட்டும் பார்.

ஷிஃப்ட்டுக்கு ஏற்றபடி படிப்பைப் பிரிக்க எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. தினம் இரவு ஒன்பது முதல் பதினொன்று வரை என்று முதலில் டைம்டேபிள் போட்டு சுவரில் ஒட்டினேன். ஷிஃப்ட் மாறின முதல் வாரமே அது செத்துப்போனது. பிறகு மணியை விட்டுவிட்டு வாரத்தைப் பார்த்தேன். மதியம் வேலைக்குப் போகிற பி ஷிஃப்ட் வாரம்தான் பொன்னான வாரம். இரவு வந்து தூங்கி எழுந்தால் எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை தலை தெளிவாக இருக்கும், ரூமும் அமைதியாக இருக்கும். புதுப் பாடம் எதுவானாலும் அந்த வாரத்தில் மட்டும் தொடு. ஏ ஷிஃப்ட்டில் நாலு மணிக்கே எழுந்து ஓடுகிறோம், சாயங்காலம் கண் சொருகும். அப்போது ஏற்கெனவே படித்ததைத் திருப்பிப் பார், ஒரு மணி நேரம் போதும். ராத்திரி வேலை செய்கிற சி ஷிஃப்ட் வாரத்தில் புதுசாக எதையும் படிக்க முயற்சி பண்ணாதே, ஏறாது. ஏறவில்லையே என்று உன்னையே திட்டிக்கொள்வாய், அதுதான் மிச்சம். அந்த வாரத்தை அசைன்மென்ட்டைப் பார்த்து எழுதுகிற வேலைக்கு வை. நான் பதில்களை என் குரலிலேயே போனில் பேசிப் பதிவு செய்து வைத்துக்கொண்டு பஸ்ஸில் கேட்டுக்கொண்டே போவேன். பாதியில் தூங்கியும் போவேன். ஆனாலும் எங்கோ உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது, தேர்வில் வந்தது.

தேர்வு அட்டவணை வந்த அன்றைக்கே ஷிஃப்ட் பட்டியலோடு வைத்துப் பார். காலைத் தேர்வு பத்து மணிக்கு, மதியத் தேர்வு இரண்டு மணிக்கு. பி ஷிஃப்ட்டில் மதியத் தேர்வு வந்தால் வேலைக்குப் போக முடியாது. சி ஷிஃப்ட்டில் காலைத் தேர்வு வந்தால் ஆறு மணிக்கு வெளியே வந்து நேராகப் போய்விடலாம் என்று தோன்றும். நான் அப்படிப் போனேன். யூனிஃபார்மோடு போய் உட்கார்ந்தேன், கேள்விகள் எல்லாம் தெரிந்த கேள்விகள். இரண்டாவது பதிலின் நடுவில் தூங்கிவிட்டேன். மேற்பார்வைக்கு வந்த அம்மா தோளைத் தொட்டு எழுப்பியபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிருந்தது. அதனால் ஹால் டிக்கெட் நகலை இணைத்து லீவு எழுதிக் கொடு, ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள ஆள் பார், சம்பளம் பிடித்தாலும் பிடிக்கட்டும்.

பாஷைதான் உனக்குப் பெரிய மலை என்று எனக்குத் தெரியும். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு பிளாக் என்கிற அந்த இங்கிலீஷ் பாடப் புத்தகத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே மூச்சு முட்டும். எனக்கும் அப்படித்தான். உனக்கு ஒரு வழி இருக்கிறது, எனக்கு இருந்ததைவிட நல்ல வழி. நீ படிப்பது பி.காம். நம் பாடநூல் கழகத்தின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல், கணக்குப்பதிவியல் புத்தகங்கள் தமிழில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த யூனிட்டைத் தொடுவதானாலும் அதே தலைப்பைத் தமிழில் முதலில் படி. பற்று, வரவு, இருப்புநிலைக் குறிப்பு எல்லாம் தமிழில் விளங்கிவிட்டால் இங்கிலீஷில் பெயர்தான் மாறும். ஒவ்வொரு யூனிட்டுக்குள்ளும் 'செக் யுவர் புராக்ரஸ்' என்று கேள்விகள் இருக்கும், பதில் கடைசியில் இருக்கும். அதைத் தாண்டிப் போகாதே. சின்னச் சின்ன வாக்கியமாக எழுது.

இன்னொன்று சொன்னால் சிரிக்காதே. அந்தப் பாடத்தில் பாதி உனக்கு ஏற்கெனவே தெரியும். ஸ்டோர்ஸில் மாசத்துக்கு ஒரு கலர் ஸ்டிக்கர் ஒட்டி, பழைய லாட்டை முதலில் எடு என்று திட்டுவார்களே, ஃபிஃபோ, அதுதான் சரக்கிருப்பு மதிப்பீட்டில் வருகிற முதலில் வந்தது முதலில் போகும் முறை. உன் லைனில் நிற்கிற மெஷின் ஒவ்வொரு வருஷமும் மதிப்பில் குறைந்துகொண்டே வருகிறதே, அதுதான் தேய்மானம். ரிஜெக்ட் பெட்டியில் போடுகிறாயே ஒவ்வொரு போர்டும், அடக்கவிலைக் கணக்கியலில் அதற்கு ஒரு பெயரும் ஒரு கணக்கும் இருக்கிறது. நகரத்துக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் இதையெல்லாம் கற்பனை பண்ணிப் படிக்க வேண்டும். நீ தினம் எட்டு மணி நேரம் அதற்குள் நிற்கிறாய். படிக்கும்போது பக்கத்து ஓரத்தில் உன் லைனிலிருந்து ஒரு உதாரணம் எழுதிக்கொண்டே போ. நான் இப்போது ஸ்டோர்ஸில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறேன் என்றால், பட்டம் பாதி, லைனில் நின்றது பாதி.

அசைன்மென்ட்டைக் கொடுக்கும் முன் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வை. இரண்டாம் வருஷத்தில் நான் எழுதிய கட்டைத் தோழியின் தம்பியிடம் கொடுத்தனுப்பினேன். அவன் பூந்தமல்லியில் ஷேர் ஆட்டோவில் பையை மறந்து இறங்கிவிட்டான். நகல் இல்லை. நாற்பது பக்கத்தையும் திரும்ப எழுதினேன், விரல் வீங்கியது. நேரில் கொடுத்தால் ரசீது, இணையத்தில் ஏற்றினால் ஸ்க்ரீன்ஷாட். கடைசித் தேதியை நீட்டிப்பார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், பல தடவை நீட்டிக்கவும் செய்வார்கள். அதை நம்பி உட்காராதே.

உன் லைனில் யாரோ "கரஸ் டிகிரிக்கு மதிப்பு கிடையாது" என்றாராமே. 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. தெளிவாகச் சொல்லிவிட்டது: அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொலைநிலையில் வாங்கிய பட்டமும் கல்லூரிக்குப் போய் வாங்கிய பட்டமும் சமம். அரசு வேலைக்குப் போக நினைத்தாலும் நீ பத்தாவது, பிளஸ் டூ முறைப்படி முடித்தவள், உனக்குத் தடை இல்லை. பிளஸ் டூ இல்லாமல் நேராகத் திறந்தநிலைப் பட்டத்துக்குப் போனவர்களுக்குத்தான் இங்கே டி.என்.பி.எஸ்.சி.யில் சிக்கல். உன் ரூமில் டிப்ளமோ முடித்த பெண் கரஸில் பி.இ. சேரப் போகிறாள் என்றாயே, அவளைத் தடுத்து நிறுத்து. பொறியியல் பட்டத்தைத் தொலைநிலையில் நடத்த அனுமதி இல்லை. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றமே அப்படி வாங்கிய பட்டங்கள் பற்றிக் கடுமையாகத் தீர்ப்பு சொன்னது. யாராவது அவளிடம் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். சாயங்காலக் கல்லூரியில் பகுதிநேர பி.இ. பற்றி விசாரிக்கச் சொல்.

வருகிற ஞாயிறு எனக்கு லீவு. உனக்கும் வார லீவு அன்றைக்குத்தான் என்று சித்தி சொன்னார்கள். சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் பதினோரு மணிக்கு நிற்கிறேன். வீட்டில் பருப்பு உருண்டைக் குழம்பு வைக்கிறேன், சாப்பிட்டுவிட்டு உட்காரலாம். புத்தகக் கட்டு முழுவதையும் தூக்கிக்கொண்டு வராதே. போன பேப்பரின் முதல் பிளாக்கை மட்டும் எடுத்து வா. அதில் முதல் யூனிட்டை வரும்போது பஸ்ஸிலேயே ஒருமுறை புரட்டிவிடு, வந்ததும் கேட்பேன்.

உன் அக்கா.