கிண்டில் திரை: சில குறிப்புகள்

கிண்டில் கீழே விழுந்தால்தான் உடையும் என்றில்லை. பைக்குள் இருந்தபடியே உடையும். தூக்கிப் பிடிக்கும்போது கவனமாக இருப்பவர்கள்கூட, மூடி வைத்த பிறகு அதை மறந்துவிடுகிறார்கள்.

விரல் படும் மேல்பரப்புக்கு அடியில் இருப்பது மைப் படலம். தலைமுடிப் பருமனே உள்ள நுண்ணுறைகளில் வெள்ளைத் துகளும் கருப்புத் துகளும் மிதக்கின்றன. மின்னழுத்தம் மாறும்போது ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். நாம் வாசிக்கும் எழுத்து அதுதான். இந்தப் படலத்தை இயக்கும் டிரான்சிஸ்டர்கள் பெரும்பாலான கருவிகளில் மெல்லிய கண்ணாடித் தகட்டின் மேல்தான் இருக்கின்றன. பிளாஸ்டிக் உடல் வளைந்து கொடுக்கும், அந்தத் தகடு கொடுக்காது. அதனால்தான் வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே விரிசல் விடுகிறது.

பையில் சாவிக்கொத்து, சார்ஜர், டிபன் பாக்ஸ். திரையின் ஒரே புள்ளியில் அழுத்தும் எதுவும் ஆபத்து. திரைப்பக்கத்தை ஒரு தட்டையான நோட்டுப் புத்தகத்தை ஒட்டி வைக்கலாம். முதுகை மட்டும் மூடும் சிலிகான் உறை போதாது, திரைக்கு மேல் விறைப்பான மடிப்பு வேண்டும். நான் முதலில் காசு செலவழிக்கச் சொல்வது அதற்குத்தான்.

படுக்கையில் விட்டுவிட்டுத் தூங்குவதும் ஆபத்துதான். முழங்கை ஒன்று போதும்.

ஒரு மூலையைப் பிடித்து முறுக்கித் தூக்கக் கூடாது. குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் கையில் தர வேண்டும்.

2018 முதல் வந்த பேப்பர்வைட் மாடல்கள் நன்னீரில் 2 மீட்டர் ஆழத்தில் 60 நிமிடம் தாங்கும் என்கிறார்கள். அந்த உறுதி தண்ணீருக்கு மட்டும், அழுத்தத்துக்கு அல்ல.

வெயிலில் நிற்கும் காருக்குள் விட வேண்டாம். இயங்குவதற்குச் சொல்லப்பட்ட உச்ச வெப்பம் 35 டிகிரிதான்.

முந்தைய பக்கத்தின் மங்கலான சாயல் தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை, திரை முழுதாகப் புதுப்பிக்கப்படும்போது மறையும். பாதித் திரை மாறி, மீதி பழைய படத்தோடு உறைந்து நின்றால் வேறு கதை. படத்தைப் பிடித்து வைக்க இந்தத் திரைக்கு மின்சாரம் தேவையில்லை. செத்த பகுதி கடைசியாகக் காட்டியதையே காட்டிக்கொண்டிருக்கும். பவர் பட்டனை 40 விநாடி அழுத்தி மறுபடி தொடங்கிப் பாருங்கள். உறைந்த பகுதி அப்படியே இருந்தால் கண்ணாடி போய்விட்டது.

திரை போனாலும், கிண்டில் கடையில் வாங்கிய நூல்கள் உங்கள் கணக்கில் பத்திரமாக இருக்கும். கேபிள் வழியே நாமே ஏற்றியவை அப்படி இல்லை. கடவுச்சொல் போட்ட கருவியில் திரை உடைந்தால், கடவுச்சொல்லை உள்ளிட வழியில்லாமல் கோப்புகளும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அடிக்கோடிட்ட வரிகள் சேரும் 'மை கிளிப்பிங்ஸ்' கோப்பையும் சொந்தக் கோப்புகளையும் திரை நன்றாக இருக்கும்போதே கணினியில் நகலெடுத்து வைத்துவிட வேண்டும்.