வேப்பிலையும் ஊசியும்

கோவை வீதிகளில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் உண்டு. நூறாண்டுக்கு முன் கொள்ளைநோய் கொன்று குவித்தபோது அஞ்சிய மக்கள் வணங்கிய இடங்கள் அவை. நோய்க்கிருமியை யெர்சின் கண்டதோ 1894இல்! அதைப் பரப்புவது எலியின் தெள்ளுப்பூச்சி என்று சிமோன்ட் சொன்னது 1898இல்! அம்மனின் சினமன்று, அற்பப் பூச்சியின் கடி!

2021இல் இருகூரில் ‘கொரோனா தேவி’க்குச் சிலை எழுந்தது. நகைத்தோம். நம் அம்மிச்சி வாசலில் வேப்பிலை கட்டினார். அதற்கும் நகைத்தோம். ஆனால் தடுப்பூசி வந்ததும் வரிசையில் முதலில் நின்றவர் அவரே! காய்ச்சலுக்கு அஞ்சி நாள் கடத்தியவர், பகுத்தறிவு பேசிய நாம்!

“ஏங் கண்ணு, நீ போட்டுக்கலையா?” என்றார். தலை குனிந்தோம். மறுநாளே ஊசி போட்டுக்கொண்டோம்.

தோழர்களே! பகுத்தறிவு பிறரை நகைக்க மட்டுந்தானா? நம் நெஞ்சில் பதுங்கிய அச்சத்தையும் அது கேள்வி கேட்கட்டும்!