கை வைக்காதிருத்தல்

பாசிக்குடாக் கடலில் இறங்கியவர்களுக்கு அதன் இயல்பு தெரியும். கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. சித்திரை முதல் ஆவணி வரை அலைகூட இருக்காது. நீந்தத் தெரியாதவனும் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து அடியைப் பார்க்கலாம். பாறைகளைக் கால்நடையாகவே சென்றடையக் கூடிய கடல் அது. அதனாலேயே எல்லாருடைய கைக்கும் எட்டிய கடலாகவும் ஆயிற்று.

1982ஆம் ஆண்டு எனக்குப் பன்னிரண்டு வயது. ஒரு ஜாம் போத்தலில் கடல்நீர் நிரப்பி, கட்டைவிரல் அளவான கோடு போட்ட மீன் ஒன்றையும், ஒடித்தெடுத்த முருகைக்கல் துண்டு ஒன்றையும் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மீன் அன்றிரவே செத்தது. முருகைக்கல்லைக் கூரையில் காயவைத்தோம். வெள்ளைவெளேரென்று ஆனதும் அம்மா அதைக் கண்ணாடி அலுமாரிக்குள், அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். எங்கள் பகுதியில் அந்நாளில் பல வீடுகளின் அலுமாரிகளில் அப்படியொரு வெள்ளைக் கல் இருந்தது. அது ஒரு பிராணிக் கூட்டத்தின் எலும்பு என்று எங்களுக்கு எவரும் சொல்லவில்லை. சூளைக்கு முருகைக்கல் ஏற்றிச் சென்ற வண்டில்களையும் கண்டிருக்கிறேன். நாங்கள் பூசிய சுவரும், ஆச்சி வெற்றிலையில் தடவிய சுண்ணாம்பும் அந்த எலும்பிலிருந்தே வந்திருக்கக்கூடும்.

இதை இப்போது எழுத நேர்ந்ததற்குக் காரணம் என் மருமகன். அக்காவின் மகன், கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறான். 2023 நவம்பரில் அவன் வீட்டில் இரண்டு மாதம் தங்கினேன். வரவேற்பறையில் முந்நூறு லீற்றர் கடல்நீர்த் தொட்டி ஒன்று வைத்திருக்கிறான். அதில் இருப்பவை கடலிலிருந்து பிடுங்கியவை அல்ல. தொட்டிகளிலேயே வளர்த்துப் பதியன் போடுவதுபோல் வெட்டிக் கைமாற்றப்பட்ட துண்டுகள். (இலங்கையில் உயிருள்ள முருகைக்கல்லைக் கடலிலிருந்து எடுப்பது சட்டப்படி குற்றம். ஊரில் தொட்டி வைக்கலாமே என்று கேட்கப்போகும் நண்பர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.)

முதல் நாளே சொன்னான்: "மாமா, எவ்வளவு நேரமெண்டாலும் பாருங்க. உள்ளுக்குக் கை மட்டும் வைக்காதீங்க."

அவன் அந்தத் தொட்டிக்குச் செய்த வேலையைக் கவனித்தேன். வேலை என்று சொல்வதற்கே அதிகம் இல்லை. ஆவியாகிப் போன அளவுக்கு உப்பில்லாத சுத்த நீரைத் தானாக ஊற்றும் சிறு கருவி ஒன்று. நீர்தான் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகவே நன்னீரே ஊற்ற வேண்டும். வெப்பம் 26 பாகை, உப்பு ஆயிரத்துக்கு முப்பத்தைந்து பங்கு. வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவான். மற்றபடி இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கால்மணி நேரம் கதிரையைப் போட்டு உட்கார்ந்து பார்ப்பான். யார் விரிந்திருக்கிறார்கள், யார் சுருங்கியிருக்கிறார்கள் என்று ஒரு கொப்பியில் இரண்டு வரி எழுதுவான். அவ்வளவுதான். நான் அதைச் சோம்பல் என்று நினைத்தேன்.

முப்பது வருடம் பத்திரிகையில் இருந்தவனுக்கு ஒரு நோய் உண்டு. எதைப் பார்த்தாலும் திருத்த வேண்டும் போலிருக்கும். பிறர் எழுதிய செய்தியில் ஒரு சொல்லையாவது மாற்றாமல் அச்சுக்கு அனுப்பியதாக எனக்கு ஞாபகமில்லை. மாற்றத் தேவையில்லாத சொற்களையும் மாற்றியிருக்கிறேன். மருமகன் வேலை விடயமாக நான்கு நாட்கள் வெளியூர் சென்றபோது அந்த நோய் முற்றியது. கற்களில் பச்சைப் பாசி மயிர்போல் தொங்கியது. வீட்டுக்காரன் திரும்பி வரும்போது தொட்டி பளிச்சென்று இருக்கட்டுமே என்று எண்ணினேன். இரண்டு பெரிய கற்களை வெளியே எடுத்து, குழாய்நீரில் வைத்துப் பிரஷ்ஷால் தேய்த்தேன். சுத்தியல் தலைபோன்ற நுனியுடைய விரல்களை ஆட்டிக்கொண்டு நின்ற முருகைக்கல் ஒன்று பின்புறம் பார்த்தபடி இருந்தது. அதையும் தூக்கி, பார்ப்பவர்களுக்கு முகம் தெரியுமாறு முன்னால் வைத்தேன். குளிருக்காகக் கையில் பூசியிருந்த களிம்பைக் கழுவினேனா என்பது இன்றுவரை நிச்சயமில்லை.

இரண்டாம் நாள் எல்லாம் சுருங்கிவிட்டன. மூன்றாம் நாள் கோடு போட்ட இறால் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. சுத்தியல் முருகைக்கல்லின் ஐந்து தலைகளில் ஒன்று பழுப்புக் கூழாகக் கரைந்துகொண்டிருந்தது. அதன் அடியில் வெள்ளை எலும்பு தெரிந்தது. கண்ணாடி அலுமாரியில் இருந்த அதே வெள்ளை.

என்ன நடந்தது என்பதை மருமகன் வந்து விளக்கினான். அந்தக் கற்கள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. தொட்டியின் ஈரலும் சிறுநீரகமும் அவைதாம். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சு. கல்லின் நுண்துளைகளில் குடியிருக்கும் பக்டீரியாக்கள் அதை நைத்திரைற்றாகவும், பின்னர் ஓரளவு தீங்கற்ற நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இந்தக் குடியிருப்பு உருவாக ஒரு மாதம், ஒன்றரை மாதம் பிடிக்கும். குளோரின் கலந்த குழாய்நீரில் நான் அதைப் பத்து நிமிடத்தில் அழித்துவிட்டேன். அழிந்தவையே அழுகி மேலும் அமோனியாவைக் கொடுத்தன. இடம் மாற்றிய முருகைக்கல்லோ தனக்குப் பழக்கமில்லாத வெளிச்சத்தையும் நீரோட்டத்தையும் எதிர்கொண்ட வேளையில்தான் இந்த நஞ்சும் வந்து சேர்ந்தது. தொட்டியில் இருந்த பொத்தான் வடிவ உயிரினங்கள் சிலவற்றில் மனிதனையே ஆஸ்பத்திரிக்கு அனுப்பக்கூடிய நஞ்சு இருக்கிறது, நல்லவேளை அவற்றைத் தொடவில்லை என்றும் சொன்னான்.

அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இலேசாக இருந்திருக்கும். கரைந்த தலையை வெட்டி எடுத்தான், கொஞ்சம் நீர் மாற்றினான், கரித்தூள் பை ஒன்றைத் தொங்கவிட்டான். நான் பக்கத்தில் நின்று, அந்த மருந்து ஊற்றலாமா, இந்தக் கல்லை நகர்த்தலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"இனி ஒண்டும் செய்ய வேணாம் மாமா. நாளைக்கும் வேணாம்."

அதன்பின் வந்த மூன்று வாரங்கள் எனக்குச் சிரமமானவை. நான் கெடுத்த ஒன்றைச் சீராக்க நானே எதுவும் செய்யக்கூடாது. இரவில் அவனுடன் கதிரையில் உட்கார்ந்து பார்த்தேன். கொப்பியில் என்னையும் எழுதச் சொன்னான். இன்னொரு தலையும் போயிற்று. மீதி மூன்றும் ஒரு நாள் மாலை, விரல் நகம் அளவுக்கு விரிந்தன. பச்சைப் பாசியைச் சிறிய நத்தைகள் தம் பாட்டில் தின்று குறைத்திருந்தன. நான் தேய்த்திருக்கவே தேவையில்லை.

இந்த முறைக்கு ஆசியாவில் ஒரு முன்னோடி உண்டு. ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர் உயிர் நிறைந்த கடற்கற்கள், சூரிய ஒளி, சிறு காற்றுக் குமிழிகள் ஆகியவற்றை மட்டும் வைத்து முருகைக்கல் தொட்டிகளைப் பேணினார். 1961இல் அமெரிக்காவின் மீன் வளர்ப்புச் சஞ்சிகை ஒன்றில் அதை விவரித்து எழுதினார். கடற்தொட்டி என்றால் வடிகட்டிப் பளிங்குபோல் வைத்திருக்க வேண்டும் என்று கருதப்பட்ட காலம் அது. பலகாலம் சென்றபின்னரே உயிர்க்கல் என்பது தொட்டிகளின் அடித்தளமாயிற்று.

ஸ்காபரோவில் அந்தப் பாசி படிந்த கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. எங்கள் ஊரில் அருகருகே இரண்டு குடாக்கள். ஒன்று கல்குடா, மற்றது பாசிக்குடா. கல்லும் பாசியும். பெயர் வைத்தவர்கள் அறிந்து வைத்தார்களோ என்னவோ, முருகைக்கல் என்பது அவ்விரண்டும் சேர்ந்த வாழ்க்கைதான். அதன் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசி சூரிய ஒளியில் உணவு சமைத்துக் கொடுக்கிறது; நிறத்தில் பெரும்பகுதியும் அதனுடையதே. கடல் வழக்கமான உச்சத்தைவிட ஒரு பாகை சில வாரங்கள் கூடிநின்றால் அந்தப் பாசி வெளியேற்றப்படுகிறது, முருகைக்கல் வெளிறுகிறது. 1998இல் இலங்கையின் ஆழமற்ற முருகைப் பாறைகள் பல அவ்வாறே வெளிறிச் செத்தன. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளிறல் அறிவிக்கப்பட்டது.

2009இல் போர் முடிந்த கையோடு, மனிதர் கை படாததால் பாசிக்குடாவின் கடல் காப்பாற்றப்பட்டது என்று நான் ஒரு கட்டுரை எழுதினேன். பலர் பாராட்டினர். அது பாதி உண்மை. சுற்றுலாப் பயணி வராத ஆண்டுகளிலும் சூளை எரிந்தது, 1978இல் சூறாவளி அடித்தது, 2004இல் ஆழிப்பேரலை வந்தது, 1998இன் வெப்பத்துக்கு எந்தச் சோதனைச் சாவடியும் தடையாக இருக்கவில்லை. பக்கத்துக் காயான்கேணிக் கடல் 2019இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது நல்ல செய்தி. ஆனால் சூடான நீருக்கு எல்லைக்கல் நட முடியாது.

2024 ஆடியில் மருமகன் ஊருக்கு வந்தான். பாசிக்குடாவுக்கு அழைத்துப் போனேன். தண்ணீருக்குள் முகத்தை வைத்துப் பார்த்தபோது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டான். நானும் அப்படியே செய்தேன். கரையில் நின்ற சிறுவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். செத்த கல் நிறைய இருந்தது. இடையிடையே உயிருள்ளவையும், அவற்றுக்கு நடுவே கோடு போட்ட சின்ன மீன்களும் இருந்தன.

ஓரிடத்தில் நைலோன் வலைத் துண்டொன்று உயிருள்ள முருகைக்கல்லைச் சுற்றி இறுக்கியிருந்தது. நான் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு அவனைப் பார்த்தேன்.

அவன் தண்ணீருக்கு மேல் எழுந்து, "இது நாம போட்டது மாமா. இதை எடுக்கத்தான் வேணும். இழுக்காதீங்க, வெட்டி எடுப்பம்" என்றான்.

கரைக்குப் போய்ச் சிறிய கத்தரிக்கோல் ஒன்றை இரவல் வாங்கி வந்தோம். ஒவ்வொரு இழையாக வெட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம் பிடித்தது. இரண்டு சிறு கிளைகள் என் கையிலேயே முறிந்தன. அவற்றை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. அவன் காட்டிய ஒரு பொந்துக்குள் செருகிவிட்டு வந்தேன்.