கதவு திறக்குமா, சார்?

சேலத்திலிருந்து நாமக்கல் சுமார் 55 கிலோமீட்டர். சேர்வராயன் மலைக்கு டாட்டா காட்டிவிட்டு மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் என்று போனால் இடது பக்கம் தூரத்தில் கொல்லிமலை கூடவே வரும். மற்றபடி தட்டையான பூமி. மேடு எங்கே என்கிறீர்களா? எங்கள் ஊர்க் கடை வாசல்களில்!

இதை எனக்குக் காட்டியவன் என் பி.காம். வகுப்புத் தோழன். சக்கர நாற்காலிக்காரன். பிரேக், ஆக்ஸிலேட்டர் இரண்டையும் கையாலேயே இயக்கும் காரில், 44-ம் நம்பர் நெடுஞ்சாலையில், லாரிகளுக்கு நடுவே சர்வசாதாரணமாக எண்பதில் போவான். அப்பேர்ப்பட்டவனை ஒரு கண்ணாடிக் கதவு நிறுத்திவிடும்.

"தள்ள வேண்டியதுதானேடா?"

"நீ உட்கார்ந்து தள்ளிப் பாரு மாப்ளே!"

உட்கார்ந்தேன். தள்ளினேன். கதவு அப்படியே நின்றது, நாற்காலி பின்னால் போனது! சரி, நாற்காலிக்கு பிரேக் போட்டுவிட்டுத் தள்ளினால்? கதவு திறந்தது. ஆனால் பிரேக் போட்ட நாற்காலி எப்படி உள்ளே போகும்? பிரேக்கை எடுப்பதற்குள், தரையில் புதைத்து வைத்திருக்கும் ஸ்பிரிங் கதவை இழுத்து மூடிவிட்டது. உள் கதவைத் தள்ள 5 பவுண்டு, அதாவது நம் கணக்கில் இரண்டேகால் கிலோ விசைக்கு மேல் தேவைப்படக் கூடாது என்று அமெரிக்காவில் விதி இருக்கிறது. நம்மூர்க் கதவுகளுக்கு அது தெரியாது.

வாட்ச்மேன் ஓடிவந்து திறப்பார். தங்கமான மனுஷன். "அவரு டீ குடிக்கப் போயிட்டா, நான் வெளியே உட்கார்ந்து போற வர்ற பஸ்ஸை எண்ணிட்டிருக்கணும்" என்றான் நண்பன்.

நாமக்கல்லில் அவன் வேலை பார்க்கும் ஆடிட்டர் ஆபீஸில் தானியங்கிக் கதவு போட முடிவானது. "நீயே பார்த்துச் சொல்லுப்பா" என்றுவிட்டார் ஆடிட்டர். அதற்காகத்தான் சேலம் முழுக்க ஒருநாள் கதவு பார்க்கப் போனோம். பெண் பார்க்கப் போனால்கூட பஜ்ஜி, சொஜ்ஜி கிடைக்கும்!

ஒரு ஜவுளிக்கடை வாசலில் அட்டகாசமான சறுக்குக் கதவு. ஆள் வந்தாலே விலகுகிறது. ஆனால் அதற்கு முன்னால் மூன்று படி! கதவு 'வா வா' என்கிறது, படி 'போ போ' என்கிறது. அந்தக் கதவு வாடிக்கையாளருக்காக வைத்ததல்ல, ஏ.சி. காற்றுக்காக வைத்தது.

இந்தக் கதவின் பூர்வீகமே காற்றுதான். அமெரிக்காவில் டெக்ஸாஸ் கடற்கரை ஊரான கார்பஸ் கிறிஸ்டியில் கண்ணாடிக் கதவுகள் காற்றில் படாதபாடு பட்டன. அதைப் பார்த்து 1954-ல் லூ ஹெவிட், டீ ஹார்ட்டன் என்ற இருவருக்குத் தானாகச் சறுக்கும் கதவு யோசனை வந்தது. 1960-ல் விற்பனைக்கே வந்துவிட்டது. ஆடி மாசம் நம்ம பக்கம் வந்திருந்தால் இன்னும் சீக்கிரம் கண்டுபிடித்திருப்பார்கள்.

சறுக்குக் கதவு உத்தமம்தான், ஆனால் ஒதுங்கி நிற்கப் பக்கத்தில் சுவர் வேண்டும். ஆடிட்டர் ஆபீஸிலோ சுவரில்லை, பீரோதான் இருக்கிறது! ஆகவே இருக்கிற கதவின் தலையில் மோட்டார் கை பொருத்துகிற வகை. பட்டனைத் தட்டினால் மெதுவாகத் திறந்து, குறைந்தது 5 விநாடி நின்று, மெதுவாக மூடும். பட்டன் இடுப்பு உயரத்தில், கதவு வீசி வந்து காலில் இடிக்காத தூரத்தில் இருக்கணும். குறுக்கே ஆள் நின்றால் மூடாமலிருக்க சென்ஸார் வேண்டும். அது நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரையும் பார்க்கணும், நிற்பவரை மட்டும் பார்த்தால் போதாது. கரண்ட் போனால் பாட்டரி, பாட்டரியும் போனால் கையால் திறக்க வழி. இத்தனைக்கும் முன்னால், படிக்குப் பதில் சரிவுப் பாதையும் 90 சென்டிமீட்டர் வழியும். அது இல்லாமல் மோட்டார் மட்டும் வாங்குவது, மூலதனம் போடாமல் லாபக் கணக்கு எழுதுகிற மாதிரி.

பட்டனும் பூப்போலத் தொட்டால் வேலை செய்யணும். தசைச் சிதைவு நோயோடு வாழ்ந்தபடி, அதே நோயுள்ளவர்களுக்காக 'ஆதவ் அறக்கட்டளை' தொடங்கிய வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி சகோதரிகள் சேலத்துக்காரர்கள்தான். கையைத் தூக்குவதே பெரிய வேலையாகிவிடும் நோய் அது. அவர்களுக்கு முன்னால் அழுத்தமான ஸ்விட்ச் வைத்தால் என்ன அர்த்தம்?

சட்டம் இருக்கிறதா? 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பழைய பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய ஐந்து வருஷம் கெடு கொடுத்தது. 2017-ல் விதிகள் வந்தன, 2022-ல் கெடு முடிந்தது. 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட், இந்த விதிகள் வெறும் சிபாரிசாக இருந்தால் போதாது, கட்டாயமாக்குங்கள் என்றது.

ஆடிட்டர் ஆபீஸில் கதவு வந்துவிட்டது. போன வாரம் நண்பனோடு போனேன். சரிவுப் பாதை ஜோர், கதவு ஜோர். பட்டனைக் காணோம்! பார்த்தால், அதை மறைத்துக்கொண்டு ஸ்டாண்டு போட்டு நிற்கிறது ஒரு மோட்டார் பைக்.

நண்பன் கோபப்படவில்லை. காருக்குத் திரும்பிப் போய், ஜன்னல் வழியாகக் கையை விட்டு, ஹாரனை ஒரு நீள அழுத்து அழுத்தினான். தெருவே எட்டிப் பார்த்தது.

"இது யாரு வண்டிங்க?"