நள்ளிரவில் ஒலித்த மணி

மருந்து உண்ணும்போது குரங்கை நினைக்கக் கூடாது என்னும் கதையை நம்மில் அறியாதார் இலர். வைத்தியர் பத்தியம் அனைத்தையும் கூறி முடித்து, இறுதியாக அந்த ஒரு நிபந்தனையையும் சேர்த்தாராம். அதுவரை குரங்கைப் பற்றிக் கருதியே இராத நோயாளிக்கு, அன்று முதல் மருந்துக் கிண்ணத்தைக் கையில் எடுத்தபோதெல்லாம் குரங்கே எதிரில் வந்து அமர்ந்தது. சிறுவயதில் இதைக் கேட்டுச் சிரித்தவன் நான். பின்னர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்த நோயாளியாகவே வாழ நேர்ந்தது.

என் குரங்கு ஒரு சைக்கிள் மணி.

1974-ஆம் ஆண்டு மே மாதம். புதுதில்லி இராமகிருஷ்ணபுரத்தில் அரசுக் குடியிருப்பு ஒன்றில் தங்கி, மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றி வந்தேன். ஒரு நாள் தந்திச் சேவகரின் சைக்கிள் மணி வாசலில் ஒலித்தது. தாயார் கவலைக்கிடம், உடனே புறப்படுக என்பது செய்தி. கும்பகோணத்தை அடுத்த எங்கள் சிற்றூரில் தந்திக்கு ஒரு மரபு உண்டு. இறந்தவரை இறந்தார் என்று எழுதமாட்டார்கள். கவலைக்கிடம் என்றே எழுதுவார்கள். அம்மரபை நான் அறிவேன். அறிந்தும், இம்முறை அச்சொல் தன் நேர்ப்பொருளிலேயே வந்திருக்கக் கூடாதா என்று மனம் ஏங்கியது.

புறப்படுவதற்கோ வண்டி இல்லை. அம்மாதம் 8-ஆம் நாள் தொடங்கி 27-ஆம் நாள் வரை நாடெங்கும் இரயில்வே ஊழியர் வேலைநிறுத்தம். நிலையத்தில் ஓர் இரவு முழுதும் காத்திருந்து, மறுநாள் கிடைத்ததில் ஏறி, இடையில் வண்டிகள் மாறி, ஐந்தாம் நாள் ஊர் சேர்ந்தேன். எல்லாம் முடிந்திருந்தது. தந்தி கொடுக்கப்படுவதற்கு முன்பே அம்மா போய்விட்டாள் என்றார் மாமா. ஆகவே என்மேல் தவறேதும் இல்லை. கணக்குத் தெளிவாக இருந்தது. ஆனால் உணர்ச்சி கணக்குப் பார்ப்பதில்லை.

அதன் பிறகு நள்ளிரவில் எங்கேனும் சைக்கிள் மணி கேட்டால் உடல் வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். அந்நினைவை அடக்க நான் செய்யாத முயற்சி இல்லை. தந்தியைத் தகரப் பெட்டியின் அடியில் வைத்தேன். வீடு மாற்றினேன். உறங்கச் செல்லுமுன், இன்று அதை நினையாதிருப்போம் என்று எனக்கு நானே ஆணையிட்டுக் கொள்வேன். அந்த ஆணையே அதை அழைத்து வரும்.

1987-இல் டேனியல் வெக்னர் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் வெளியிட்ட ஆய்வொன்றைப் பிற்காலத்தில் படிக்க நேர்ந்தபோது வியந்து போனேன். ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினையாதிருங்கள் என்று மாணவர்களிடம் கூறி, நினைவு வந்தால் ஒரு மணியை அடிக்குமாறு பணித்திருக்கிறார். மணிகள் ஒலித்தன. முதலில் அடக்கியவர்கள், தடை நீங்கிய பின்னர், தொடக்கம் முதலே நினைக்க விடப்பட்டவர்களைக் காட்டிலும் மிகுதியாகக் கரடியை நினைத்தார்கள். ஒன்று வருகிறதா என்று கண்காணிக்கும் மனம், அதை ஓயாமல் தேடிக்கொண்டும் இருக்க வேண்டியிருக்கிறது என்பது அவர் கண்ட விளக்கம். காவற்காரனே திருடனுக்கு வழி காட்டுகிறான் என்று நான் புரிந்துகொண்டேன். நம் வைத்தியர் இதைக் கருவியின்றிக் கண்டுவிட்டார். ஆனால் அவரிடம் அதற்கு மருந்து இல்லை.

2013 ஜூலையில் நம் நாட்டில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. செய்தியைப் படித்த அன்று, என்ன துணிவோ, பெட்டியைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன். மடிப்புகளில் கிழிந்திருந்தது. தில்லியில் அது பெறப்பட்ட நேரம் மேலே குறிக்கப்பட்டிருந்தது. மாலை நான்கு மணி இருபது நிமிடம்.

நள்ளிரவு அன்று, மாலை. நாற்பது ஆண்டுகள் நான் அஞ்சி நடுங்கிய நள்ளிரவு மணி நள்ளிரவில் ஒலிக்கவே இல்லை! தாளைக் கையில் வைத்துக்கொண்டே, இது பிழையாக எழுதப்பட்டிருக்கலாம் என்று வாதாடினேன். இதிலும் நான் தனியன் அல்லன். 1986-இல் சாலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலையில், அச்செய்தியை எங்கே எவ்வாறு கேட்டோம் என்று மாணவர்களை எழுதச் செய்தார் உல்ரிக் நைசர். இரண்டரை ஆண்டு கழித்து அதையே மீண்டும் கேட்டபோது, 44 பேரில் 11 பேர் கூறியது முற்றிலும் தவறாக இருந்தது. தம் கையெழுத்தையே காட்டியபோதும் சிலர் பிந்திய நினைவையே பற்றிக்கொண்டனராம். இரயில் நிலையத்தில் விழித்திருந்த இரவில் ஒலித்த ஏதோ ஒரு மணியைத்தான் என் வாசலுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டேனோ என்று எண்ணுகிறேன்.

அதனால் எல்லாரும் பழைய பெட்டிகளைத் திறக்க வேண்டும் என்று கூறேன். வேண்டா நினைவை அடக்கப் பயிற்றுவிக்கலாம், அதனால் பதற்றம் குறைகிறது என்று கேம்பிரிட்ஜில் மைக்கேல் ஆண்டர்சனும் ஸுல்கைதா மமாத்தும், 16 நாடுகளைச் சேர்ந்த 120 பேரிடம் நடத்திய ஆய்வைக் கொண்டு 2023-இல் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதை மறுக்க மனமில்லை. என் அண்டை வீட்டுச் சர்தார்ஜியை அறிந்தவனாதலால். அவர் 1947-இல் லாயல்பூரிலிருந்து வந்தவர். அவ்வூர்க் கடைவீதியையும் மணிக்கூண்டையும் பற்றி மகிழ்ந்து பேசுவார். வந்த வழியைப் பற்றி ஒரு சொல்லும் கூறியதில்லை. நன்றாக உண்டு, நன்றாக உறங்கி, நிறைவாக வாழ்ந்தார்.

தந்தியின் நேரத்தை உறுதி செய்துகொள்ள விரும்பி அவர் மகனைத் தொலைபேசியில் அழைத்தேன். தந்தையார் அப்போது மறைந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மாலைதான் என்றார் மகன். பள்ளியிலிருந்து திரும்பி விளையாடிக்கொண்டிருந்தபோது தந்திக்காரரை வீட்டுக்கு வழி காட்டியது தாமே என்றும் கூறினார். பிறகு சற்றுத் தயங்கி, "அங்கிள், அன்றிரவு அப்பாவும் உங்களுடன் நிலையத்தில் விடியும்வரை இருந்தாரே" என்றார். அது எனக்கு நினைவே இல்லை. நான் தனியாக இருந்ததாகவே இத்தனை ஆண்டுகள் எண்ணியிருந்தேன்.

"அன்றைக்கு அந்த மதராஸிப் பையனிடம் எல்லாவற்றையும் சொன்னேன் என்று கடைசி நாள்களில் அப்பா அம்மாவிடம் கூறினார். வழியில் நடந்தது, பாட்டியை விட்டு வந்தது எல்லாம். எங்களிடம் அவர் சொன்னதே இல்லை. உங்களை என்றாவது கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். என்ன சொன்னார் அங்கிள்?"

தொலைபேசியைக் காதில் வைத்தபடி நெடுநேரம் நின்றேன். அந்த இரவின் மணியோசை மட்டும் தெளிவாகக் கேட்டது. அருகில் அமர்ந்து விடியும்வரை பேசியவரின் குரல் கேட்கவில்லை.