நெய்வேலிக்கு எத்தனை சீஸன்?

ஆர்ச் கேட் தாண்டி டவுன்ஷிப்புக்குள்ள ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க பாஸ்... ரெண்டு பக்கமும் மரம், நூல் பிடிச்ச மாதிரி ரோடு, ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு நம்பர். 'இந்த ரோட்டுக்கு எந்த டயர் போட்டா என்ன?'னுதான் தோணும். கொஞ்சம் பொறுங்க, முதல்ல சுரங்கத்தை எட்டிப் பார்த்துட்டு வந்துடலாம்.

நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் ஆரம்பிச்சது 1956-ல். அடுத்த வருஷமே நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். பழுப்பு நிலக்கரி முகம் காட்டினது 1961-ல். 2016-ல் 'என்.எல்.சி. இந்தியா'னு பேரும் மாறிடுச்சு. அங்கே மண்ணை வெட்டுற ராட்சத பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டரோட காலைக் கவனிங்க. டயரே கிடையாது! ராணுவ டாங்கி மாதிரி இரும்புப் பட்டைதான். அத்தனை எடையையும் பெரிய பரப்புல பரப்பி வைக்கலைன்னா, மழையில ஊறின மண்ணுக்குள்ள மெஷின் இறங்கிடும்.

நம்ம காருக்கு அந்த சொகுசெல்லாம் இல்லை. ஒரு டயர் ரோட்டைத் தொடுற இடம் கிட்டத்தட்ட உங்க உள்ளங்கை அளவுதான். ஐப்பசி மழையில நண்பர்களோட பிச்சாவரம் கிளம்பறீங்கன்னு வெச்சுக்கங்க... நாலு உள்ளங்கையை நம்பி அஞ்சு உயிர்!

ஆல் சீஸன்னா என்ன?

குளிர் நாடுகள்ல கோடைக்கு ஒரு டயர், பனிக்கு ஒரு டயர்னு மாத்துவாங்க. ஏழு டிகிரிக்குக் கீழே போனா கோடை டயரோட ரப்பர் இறுகிப் பிடிமானம் குறையும். ரெண்டுக்கும் நடுவுல வந்த சமரசம்தான் 'ஆல் சீஸன்'. பக்கவாட்டுல 'எம் பிளஸ் எஸ்'னு இருந்தா சேறுக்கும் பனிக்கும்னு கம்பெனி தானே போட்டுக்கிற குறிப்பு. மூணு சிகர மலைக்குள்ள பனித்துகள் படம் இருந்தா, பனியில டெஸ்ட் பண்ணி பாஸானது.

நெய்வேலியில ஏழு டிகிரியை ஃப்ரிட்ஜைத் திறந்தாத்தான் பார்க்க முடியும்! பனி டயரைச் சித்திரை வெயில்ல ஓட்டினா மளமளன்னு தேயும். நமக்கு சீஸன் ரெண்டே ரெண்டு: கொளுத்துற வெயில், கொட்டுற வடகிழக்குப் பருவமழை. இந்த ரெண்டையும் தாங்கறதுதான் நம்ம ஊரு ஆல் சீஸன். அதனால பனிப் படத்துக்குக் காசு கொடுக்காதீங்க.

எதை எடுக்கலாம்?

மந்தாரக்குப்பம் பக்கம் கடையில ரெண்டு டயரை முன்னால வெச்சு, 'இது ரொம்ப தூரம் உழைக்கும், அது மழையில நல்லாப் பிடிக்கும்'னு சொன்னா எதை எடுப்பீங்க? கால் டாக்ஸி ஓட்டற அண்ணனுக்கு உழைப்பு முக்கியம். ஆனா, பிளாக்கிலிருந்து ஆபீஸ், ஆபீஸ்லேர்ந்து மார்க்கெட்னு ஓடற அப்பாவோட காருக்கு? அது தேயறதுக்கு முன்னாடியே வயசாகி ரப்பர் இறுகிடும். தேயாத டயருக்கு எதுக்குக் கூடுதல் ஆயுள்? மழைப் பிடிமானத்துக்குத்தான் என் ஓட்டு.

சில டயர்கள்ல எழுதியே இருக்கும். 'ட்ராக்‌ஷன்' எழுத்து ஈர ரோட்டுல பிரேக் பிடிக்கிற திறன். டபுள் ஏ-தான் முதல் ரேங்க். 'டெம்பரேச்சர்' சூட்டைத் தாங்கறது, ஏ நல்லது. 'ட்ரெட்வேர்' நம்பர் உழைப்பைச் சொல்லும். ஆனா அந்த மார்க்கைப் போடறது கம்பெனியே... அதனால ஒரு கம்பெனியோட நம்பரை இன்னொண்ணோட ஒப்பிட்டு ஏமாறாதீங்க.

அடுத்து, பிறந்த தேதி. '3524'னு இருந்தா 2024-ம் வருஷம், 35-வது வாரம். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினா ஸ்டெப்னியிலயும் இதைப் பாருங்க. பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனா சட்டப்படி அவுட். பள்ளத்துக்குள்ள இருக்கிற சின்ன மேடு பட்டனோட சமமாயிடுச்சுன்னா கதை முடிஞ்சுதுன்னு அர்த்தம். மழைத்தண்ணி வெளியேற வழியில்லாம கார் தண்ணி மேலேயே மிதந்து வழுக்கும். அப்போ ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேட்காது.

ரெண்டு டயருக்குத்தான் பட்ஜெட்டா? புதுசைப் பின்னால போடுங்க, முன்சக்கரம் இழுக்கிற காரா இருந்தாலும்! முன்னால வழுக்கினா வேகத்தைக் குறைச்சுச் சமாளிக்க வாய்ப்பு உண்டு. பின்னால வழுக்கினா கார் பம்பரமாகிடும்.

கடைக்காரர்கிட்ட, 'எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடும்ணே?'னு எல்லாரும் கேட்பாங்க. நீங்க, 'மழையில எப்படிண்ணே நிக்கும்?'னு கேளுங்க!