புழுவுக்கும் ஒரு பெயர்

"நீ ஆராய்வது என்ன?" என்று நம் சங்கத்து நண்பர்கள் கேட்பதுண்டு. "கடல் மீனை ஒட்டி வாழும் தட்டைப்புழு" என்பேன். அன்று விடுதியில் மீன்குழம்பாக இருந்துவிட்டால், சிலர் தட்டு மெல்ல விலகிப் போகும்! அஞ்ச வேண்டாம், நண்பர்களே. நான் ஆராயும் புழு மீனின் தோலை மேய்ந்து வாழ்வது, மனிதரை நாடாது. "அதற்குப் பெயர் கண்டு ஆவது என்ன?" என்பது அடுத்த கேள்வி. அதற்கு விடை சொல்லவே இக்கட்டுரை.

மீனுக்குப் பெயர் பல. சென்னையில் வஞ்சிரம்; எங்கள் தூத்துக்குடியில் சீலா; குமரிக் கரையில் நெய்மீன். புழுவின் உலகிலோ இது தலைகீழ். ஒரே பெயருக்குள் வேறு வேறு இனங்கள் ஒளிந்திருக்கும். நெல்லை, கோவை, தஞ்சை என்று பாராமல் இவ்விசாகப்பட்டினத்தார் நம் அனைவரையும் 'அரவவாள்ளு' என்கிறார்கள். அதனால் நமக்குக் கேடில்லை. புழுவின் செய்தியில் கேடு உண்டு.

நியோபெனிடீனியா என்னும் புழுவையே எடுத்துக்கொள்வோம். சில மில்லிமீட்டர் நீளம். கண்ணாடி போன்ற உடல். கடல்நீரில் மீன்மேல் ஒட்டியிருப்பதே தெரியாது. மீனை நன்னீரில் இட்டால் புழு வெளுத்துக் கழன்று விழும். அதைப் பதப்படுத்திக் கார்மைன் சாயம் ஏற்ற வேண்டும். அச்சாயமும் கள்ளிச்செடியில் வாழும் ஒரு பூச்சி தந்ததே! பிறகு கிராம்பு எண்ணெயில் தெளியவைத்து, கனடா பால்சத்தில் பதித்து, நுண்ணோக்கியில் வைத்தால் பின்புறத்து ஒட்டுவட்டும் அதன் நடுவே மூன்று இணைக் கொக்கிகளும் தெளிவாகத் தோன்றும். ஆனால் கண்ணாடி வில்லை சற்று அழுத்தினாலும் உடலின் வடிவும் அளவும் மாறிவிடும். வேற்றுமை இனத்தினுடையதா, நம் விரலினுடையதா?

அறிஞரையே திகைக்கவைத்த கேள்வி இது. 1927இல் நியூயார்க் மீன்காட்சியகத்து மீன்களிலிருந்து மக்கல்லம் ஒரு புழுவை விவரித்தார், அதுவே மெல்லெனி. 1955இல் கலிபோர்னியாவின் மீனொன்றிலிருந்து ஹார்கிஸ் கிரெல்லே என்னும் இனத்தை விவரித்தார். 1996இல் விட்டிங்டனும் ஹார்ட்டனும் உடலமைப்பை ஆராய்ந்து இரண்டும் ஒன்றே என்றனர். 2018இல் மரபணு ஆய்வு அவை வேறு என்றது. உலக மீன்பண்ணைகளை வாட்டுவது பெரும்பாலும் கிரெல்லே என்றும் காட்டியது. அந்தக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் விட்டிங்டனின் பெயரும் இருக்கிறது. அதைக் கண்டபோது என் மதிப்பு அறிவியலின்மேல் இன்னும் உயர்ந்தது.

அப்படியானால் மரபணு ஒன்றே போதுமா? போதாது. பழைய பெயர்கள் அருங்காட்சியகங்களில் உள்ள பழைய உடல்களோடு பிணைந்தவை. பார்மலினில் ஊறிய உடலிலிருந்து மரபணு பெறுவது அரிது. புழு முழுவதையும் அரைத்தால் உருவம் போயிற்று; முழுவதையும் சாயத்தில் பதித்தால் மரபணு போயிற்று. ஆகவே ஓரத்தில் ஒரு சிறு துணுக்கை மட்டும் அறுத்து மரபணுவுக்கு அனுப்புகிறோம். எஞ்சிய உடல் சான்றாக நிற்கும். நாளை ஒருவர் என்னை மறுக்க விரும்பினால், அந்தக் கண்ணாடித் துண்டே அவருக்குத் துணை.

இனிப் பயனைச் சொல்கிறேன். மண்டபத்தில் 2010இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கடல்விராலைக் குஞ்சு பொரிக்கச் செய்தனர். இன்று இராமநாதபுரக் கரையில் அது கூண்டுகளில் வளர்கிறது. என் சிற்றப்பாவும் கூட்டாளிகளோடு ஒரு கூண்டு வைத்திருக்கிறார். "தம்பி, மீனெல்லாம் வலையில போய் ஒரசுது, கண்ணு வெளுத்துப் போச்சு" என்று தொலைபேசியில் அவர் சொன்னபோது எனக்குப் பகீரென்றது. இப்புழு செய்யும் வேலை அதுவே. நன்னீர்க் குளியல் புழுவை நீக்கும். வலையில் இழையால் சிக்கிய முட்டைகளை நீக்காது. முட்டை பொரித்து, குஞ்சு வளர்ந்து, மறுபடி முட்டையிடுமுன் அடுத்த குளியல் நடந்தாக வேண்டும். அந்த நாட்கணக்கு நீரின் வெப்பத்தையும் பொறுத்தது, இனத்தையும் பொறுத்தது. வேறோர் இனத்தின் கணக்கை இதற்குச் சொன்னால், மீன் சாகும், கடன் நிற்கும்.

பெயரிடுவது பண்டிதர் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் இதைச் சற்றே சிந்திக்க வேண்டுகிறேன். பெயர் என்பது ஒரு வாக்கு. கொக்கியும் மரபணுவும் ஒத்துச் சாட்சி சொல்லும்வரை அந்த வாக்கைக் கொடுக்க எனக்கு உரிமையில்லை.